நாலு முட்டை, ஒரு ஓட்டை

களத்து வேலை முடிஞ்சு இப்போதான் உட்கார நேரம் கிடைச்சது. இந்த வருசம் பாசிப்பயறு சுமார் மகசூல்தான். ஐப்பசியில் விதைச்சதுக்கு மழை நல்லா கிடைச்சது, பூக்கிற நேரத்தில் கொஞ்சம் ஏமாத்திருச்சு. போகட்டும். இன்னைக்கு எழுத வந்தது மகசூல் கதை இல்லை. பயற்றைத் தின்கிற வண்டின் கதை.

வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிற என் தங்கச்சி மகள் பொங்கலுக்கு வந்திருந்தாள். களத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டே இருந்தவள் திடீரென்று, "மாமா, நம்ம ஊர் பயறு வண்டு அமெரிக்காவுல இருக்கு, தெரியுமா?" என்றாள்.

"நம்ம ஊர் ஆளுகளே அங்கதான் இருக்காக, வண்டு இருந்தா என்ன தாயி" என்றேன்.

"விளையாடாதீங்க மாமா. 1979ல இங்கிருந்து போனதோட வாரிசு. திருநெல்வேலின்னே போட்டிருக்கு."

1979ல் எனக்கு ஒன்பது வயசு. அப்போ தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகவில்லை. அது 1986ல்தான். கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் இந்தக் கருசக்காடு எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான். நம்ம பக்கத்துப் பூச்சி கடல் தாண்டிப் போய் என்ன செய்தது என்று கேட்க ஆசை வந்துவிட்டது. அவள் படித்துச் சொல்லச் சொல்ல, எனக்கு 28 வருசத்துக்கு முன்னால் நான் தொலைத்த 9 மூட்டைப் பயறு ஞாபகம் வந்தது.

முதலில் இந்த வண்டைப் பற்றி. நகரத்தில் இருக்கிறவர்களுக்கும் இது தெரியாத ஆள் இல்லை. பயறு டப்பாவைத் திறந்தால் சுவரேறி ஓடுமே, பழுப்பு நிறத்தில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசா, அதேதான். அந்த வண்டு உங்கள் பயற்றைத் தின்னவே தின்னாது. அது உயிரோடு இருக்கிறது ஒன்றிரண்டு வாரம். அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். தின்கிறதெல்லாம் புழுதான். முட்டையைப் பயற்றின் தோலில் பசை போட்டு ஒட்டிவிடும். முட்டைக்குள் இருக்கிற புழு வெளியே தலைகாட்டாமல் அப்படியே அடியில் துளைபோட்டுப் பயற்றுக்குள் போய்விடும். போகும்போது அரைத்த மாவு ஓட்டுக்குள் நிறைந்துவிடுவதால் முட்டை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். உள்ளே போன புழுவுக்கு அந்த ஒரு பயறுதான் உலகம். பத்தவில்லை என்று பக்கத்துப் பயற்றுக்குப் போக முடியாது. தின்று, வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, மூணு நாலு வாரத்தில் வட்டமாக ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டு வண்டாக வெளியே வரும்.

இதில் ஒரு விசயத்தைச் சின்ன வயசிலேயே நான் பார்த்திருக்கிறேன். எங்க அம்மா சொளகில் பயறு புடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூச்சி விழுந்ததைப் பொறுக்கிப் போடுவது என் வேலை. சில பயற்றில் வெள்ளைப் புள்ளி நாலு இருக்கும். ஆனால் ஓட்டை ஒன்றுதான் இருக்கும். "நாலு முட்டை வச்சிருக்கே, மத்த மூணும் எங்கம்மா போச்சு?" என்று கேட்டேன். அம்மா, "ஒரு பயத்துக்குள்ள எத்தனை பேருடா குடும்பம் நடத்த முடியும்?" என்று சொல்லிவிட்டுப் புடைத்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கேள்விக்குத்தான் உலகத்தில் பல பேர் பல வருசம் உழைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

இப்போ 9 மூட்டைக் கதை. 1997 மாசி மாசம். களத்திலேயே விற்றால் விலை கம்மி, ஆடி வரைக்கும் வைத்திருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அம்மா, "நல்லா காயப்போட்டு, வித்துக்குள்ளதை மட்டும் குலுக்கையில போடு, மத்ததை வித்துரு" என்றாள். நான் கேட்கவில்லை. வெயிலில் ஒருநாள் காயப்போட்டு, சாக்கில் பிடித்து, வீட்டுத் திண்ணை அறையில் அடுக்கிவிட்டேன். ஆடியில் வியாபாரியைக் கூட்டிவந்து மூட்டையைப் பிரித்தேன். சாக்குக்குள் கையை விட்டால் சுட்டது. அடுப்பில் வைத்த மாதிரி சூடு. பயற்றை அள்ளினால் விரல் இடுக்கில் மாவு கொட்டுகிறது. வியாபாரி ஒன்றும் பேசாமல் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனார். அதைக் கமிஷன் கடையில் மாட்டுத் தீவன விலைக்குத்தான் போட முடிந்தது. விதைப்புச் செலவுக்காக அடகு வைத்த அம்மாவின் பாம்படம் திரும்பி வரவே இல்லை.

ஒரு ஏட்டுக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டை 80 முட்டை வைக்கிறது, பாதி பெட்டை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறையில் 3,200. மூன்றாவதில் 1,28,000. நான்காவதில் 51 லட்சம். நூறு பாசிப்பயறு 3 முதல் 4 கிராம் இருக்கும், அப்போ 100 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 25 லட்சம் முதல் 33 லட்சம் பயறு. ஒரே ஒரு வண்டின் நாலாம் தலைமுறை ஒன்றரை இரண்டு மூட்டையைத் தின்றுவிடும். மாசியிலிருந்து ஆடி வரை ஐந்து மாசம், ஐந்து தலைமுறை. நான் மூட்டையைக் கட்டும்போது உள்ளே எத்தனை வண்டு இருந்ததோ! அதுவும் பூச்சி வீட்டில் வந்து ஏறியது இல்லை. காட்டிலேயே நெற்று முற்றும்போது முட்டை வைத்துவிடுகிறது. நாம்தான் அதைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்தப் பயறு வண்டுக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்றுக்கு ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758ல் பெயர் வைத்தார், அதன் பெயரில் சீனா இருக்கும், கல்லோசோபுருகஸ் சைனென்சிஸ். இன்னொன்றுக்கு 1775ல் ஃபாப்ரீஷியஸ் பெயர் வைத்தார், கல்லோசோபுருகஸ் மாக்குலேட்டஸ், புள்ளி உள்ள வண்டு என்று அர்த்தம். பெயர் வைத்ததோடு சரி. நெரிசலில் இந்தப் புழுக்கள் என்ன பாடுபடுகின்றன என்று பார்க்க இன்னும் 150 வருசத்துக்கு மேல் ஆனது.

அதைப் பார்த்தவர் ஜப்பான் கியோட்டோவில் இருந்த சுன்ரோ உட்டிடா. 1941ல், உலகப் போர் நடக்கும் காலத்தில், இவர் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் அசுகிப் பயற்றைப் போட்டு வண்டுகளை விட்டார். நம்ம தட்டாம்பயறு மாதிரி, சிவப்பாக இருக்கும் ஜப்பான் பயறு அது. ஒரு தட்டில் கொஞ்சம் வண்டு, இன்னொன்றில் அதிகம், இன்னொன்றில் கூட்டமோ கூட்டம். பயறு எல்லாவற்றிலும் ஒரே அளவு. அடுத்த தலைமுறையில் எத்தனை வண்டு வருகிறது என்று எண்ணினார். வண்டு கூடக்கூட ஒரு வண்டுக்கு இத்தனை பிள்ளை என்கிற கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. மொத்த எண்ணிக்கையும் ஒரு அளவுவரை ஏறி, பிறகு குறைய ஆரம்பித்தது. நெரிசலில் பெட்டைகள் முட்டை குறைவாக வைத்தன. வைத்த முட்டையையும் வண்டுகள் மேலே ஓடி மிதித்துக் கெடுத்தன. அதையும் தாண்டி உள்ளே போன புழுக்கள் ஒரே பயற்றுக்குள் இடிபட்டுச் செத்தன.

அவரே 1954ல் இன்னொரு விசயமும் எழுதினார். மாக்குலேட்டஸ் வண்டு நெரிசலில் வளர்ந்தால் வேறு மாதிரி ஒரு வண்டு வெளியே வருகிறது. நல்லா பறக்கும், உடனே முட்டை வைக்காது. 1960ல் நைஜீரியாவில் காஸ்வெல் என்பவரும் இதே மாதிரி ஒரு வடிவத்தைப் பற்றி எழுதினார். கூட்டம் கூடினால் மூட்டை சூடாகும் என்று சொன்னேனே, அந்தச் சூடும் நெரிசலும்தான் புழுவுக்கு, "இங்க இனி பிழைப்பு இல்லை, சிறகோட வெளியே போ" என்று சொல்கிறது. அப்படிப் பறந்து போகிறதுதான் அடுத்த வெள்ளாமையில் நெற்றுக்கு வந்து சேருகிறது. இதைக் கேட்டபோது என் கை மறுபடி அந்த 1997 சாக்குக்குள் போய்வந்த மாதிரி இருந்தது.

அதே 1954ல் ஆஸ்திரேலியாவில் நிக்கல்சன் என்கிற பூச்சி அறிஞர் ஆட்டு ஈயின் புழுவை வைத்து இந்த நெரிசலுக்கு இரண்டு பேர் வைத்தார். அங்கே செம்மறி ஆட்டின் தோலில் ஈ முட்டை வைத்து, புழு உயிரோடு அரிக்கும். ஆட்டுக்காரர்களுக்குப் பெரிய நட்டம். அவர் கொஞ்சம் இறைச்சியில் புழுக்களை எண்ணி விட்டுப் பார்த்தார். புழு ஓர் அளவுக்கு மேல் போனால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது, எதற்கும் போதவில்லை. கடைசியில் ஒன்றுகூட ஈயாகாமல் எல்லாம் செத்தன.

அவர் வைத்த பெயர்களை நான் நம்ம பேச்சில் சொல்கிறேன். ஒன்று, முட்டி மோதல். அன்னதானத்தில் நூறு பேர் சோற்றுக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கை எடுத்தால், ஆயிரம் பேரும் பட்டினி. இன்னொன்று, மல்லுக்கட்டு. ஜெயித்தவனுக்கு முழுச் சாப்பாடு, தோற்றவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜெயித்தவனாவது பிழைப்பான். மக்காச்சோளத்தில் 2018க்குப் பிறகு நம்மைப் படுத்துகிற படைப்புழு இந்த இரண்டாம் வகை. குருத்துக்குள் சின்னதில் நிறையப் புழு இருக்கும். வளர வளர ஒன்றை ஒன்று தின்று, கடைசியில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். குருத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனிமேல்தான் நம்ம ஊர் வண்டு வருகிறது.

1979ல் திருநெல்வேலியில் வண்டு விழுந்த பாசிப்பயறு, உளுந்து நெற்றுகளிலிருந்து மாக்குலேட்டஸ் வண்டுகளை எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இந்த வண்டை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ராட்ஜர் மிட்செல். அவர் அதற்கு முன்பே, 1975ல், பெட்டை வண்டு எப்படி முட்டை வைக்கிறது என்று எழுதியிருந்தார். கண்டபடி வைப்பதில்லை. பயற்றின் மேல் நடந்து பார்க்கும். ஏற்கெனவே முட்டை இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று தடவிப் பார்த்து, முட்டை இல்லாத பயறாகத் தேடி வைக்கும். எல்லாப் பயற்றிலும் முட்டை விழுந்த பிறகுதான் இரண்டாவது முட்டை.

பிறகு யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் மெஸ்ஸினா என்பவர் நம்ம வண்டையும் பிரேசில் நாட்டிலிருந்து வந்த அதே இன வண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார். பிரேசில் வண்டு முட்டி மோதுகிற ஜாதி. ஒரு தட்டாம்பயற்றுக்குள் மூணு நாலு புழு இருந்தாலும் பங்குபோட்டுத் தின்று எல்லாம் வெளியே வரும், கொஞ்சம் சின்னதாக. நம்ம திருநெல்வேலி வண்டு மல்லுக்கட்டு. ஒரு பாசிப்பயற்றுக்குள் எத்தனை புழு போனாலும் வெளியே வருகிறது ஒன்றுதான். இரண்டு ஊர்ப் புழுவையும் ஒரே பயற்றில் விட்டால் பெரும்பாலும் திருநெல்வேலிதான் ஜெயிக்கிறது.

எப்படி ஜெயிக்கிறது என்பதில்தான் நான் அசந்துபோனேன். படைப்புழு மாதிரி கடித்துத் தின்கிறதில்லை. 1987ல் தந்தியாங்கா, மிட்செல் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். பயற்றின் நடுவை ஒரு புழு பிடித்துவிட்டால், அது அரிக்கிற அதிர்வு மற்ற புழுக்களுக்குத் தெரிகிறது. அது தெரிந்ததும் மற்றவை தின்பதை நிறுத்திக்கொள்கின்றன. ஓரத்தில் அப்படியே இருந்து முடிந்துபோகின்றன. எல்லாம் சேர்ந்து தின்றால் அந்தச் சின்னப் பயற்றில் ஒன்றுகூடப் பிழைக்காது.

ஏன் நம்ம வண்டு இப்படி? பயற்றின் அளவுதான் காரணம் என்கிறார்கள். பாசிப்பயறும் உளுந்தும் சின்னது, இரண்டு பேருக்குக் காணாது. தட்டாம்பயறு பெரிசு. இதைச் சோதிக்க மெஸ்ஸினா நம்ம வண்டையே தட்டாம்பயற்றில் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். 2004ல் முடிவை எழுதினார். நாற்பது தலைமுறைக்கு மேல் போனபிறகு வண்டு சின்னதாகிவிட்டது, மல்லுக்கட்டும் குறைந்துவிட்டது. ஒரே பயற்றிலிருந்து ஒன்றுக்கு மேல் வெளியே வர ஆரம்பித்தது. நாற்பது தலைமுறை என்றால் வண்டுக்கு ஏறத்தாழ மூணு வருசம். இடம் பெரிசானதும் குணம் மாறியிருக்கிறது.

தங்கச்சி மகள், "பாத்தீங்களா மாமா, நம்ம ஊர் வண்டு எவ்வளவு ஒழுங்கு, ஒரு பயத்துக்கு ஒண்ணுதான்" என்று பெருமையாகச் சொன்னாள். நான் சொன்னேன், "தாயி, அந்த ஒழுங்குதான் நம்மளைக் கெடுத்துச்சு." யோசித்துப் பாருங்கள். பத்து வண்டு ஒரே பயற்றில் முட்டையைக் கொட்டினால் ஒரு பயறு போகும், ஒன்பது தப்பும். இது முட்டை இல்லாத பயறாகத் தேடித்தேடி வைப்பதால் ஒன்றுகூடத் தப்பவில்லை. என் 9 மூட்டையில் அள்ளின இடத்திலெல்லாம் ஓட்டை இருந்தது அதனால்தான். ஓட்டை விழுந்த பயறு பெரும்பாலும் முளைக்கவும் செய்யாது.

புழுவை வைத்து மனுசனுக்கு நீதி சொல்ல எனக்கு விருப்பமில்லை. புழு வேறு, நாம் வேறு. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவுக்கு 6 ஏக்கர் மானாவாரி. நானும் தம்பியும் இரண்டே பேர். பயறு போன மறுவருசமும் மழை இல்லை. 1999ல் தம்பி திருப்பூருக்குப் போனான். போகும்போது பாகம் பிரிக்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா ஆளுக்கு மூணு ஏக்கர். ரெண்டு பேருக்கும் பத்தாது அண்ணே. நீயே உழு. நான் பாத்துக்கிடுதேன்" என்றான். பனியன் கம்பெனியில் கட்டிங்கில் சேர்ந்து, அங்கேயே கல்யாணம், பிள்ளைகள், வாடகை வீடு. நான் இந்த ஆறு ஏக்கரில் பிழைத்தேன், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். விவசாயம் பண்ணிப் பிழைத்தவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். தம்பி நிறுத்திக்கொண்டதால்தான் பிழைத்தேன் என்று யாரும் சொல்வதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் போட்டேன். "உன் மூணு ஏக்கர் உன் பேருக்கு எழுதி வைக்கணும்டா, வந்து கையெழுத்துப் போடு" என்றேன். "என்னண்ணே திடீர்னு?" என்றான். வண்டுக் கதையைப் போனில் எப்படிச் சொல்வது? "பயறு கொண்டுபோக வருவேல்ல, அப்போ பேசுவோம்" என்று வைத்துவிட்டேன்.

கடைசியாக, எங்க அம்மா செய்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன், உங்கள் சமையலறைக்கு உதவும். பயற்றை மூணு நாலு நாள் நல்ல வெயிலில் சூடேறக் காயவைப்பாள். விதைக்குரிய பயற்றில் விளக்கெண்ணெய் கொஞ்சம் தடவிப் பிசறுவாள். எண்ணெய் முட்டையை மூச்சுவிட விடாது. துவரைக்குச் செம்மண் கட்டுவாள். குலுக்கையில் சாம்பலும் வேப்பிலையும் போடுவாள். சமைக்கிறதைச் சீக்கிரமே உடைத்துப் பருப்பாக்கிவிடுவாள். முழுப்பயறு மாதிரி உடைத்த பருப்பில் இந்த வண்டு எளிதில் பெருகாது. இவ்வளவையும் எனக்குச் சொன்னாள். நான்தான் ஆடி விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அடுத்த முறை பாசிப்பயறு கழுவும்போது ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வெயிலில் போடுங்கள். இரண்டு மூணு புள்ளியும் ஒரே ஒரு ஓட்டையும் இருக்கிற பயறு கிடைத்தால், உள்ளே என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

தம்பி மாசிக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஒரு மூட்டைப் பயறு தனியாக எடுத்து, நாலு நாள் வெயிலில் காயப்போட்டு வைத்திருக்கிறேன்.